டாமினோ ஹூட்டின் இடது பாதி

போன மாதம் கவிப்பிரியா எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எக்ஸ்போர்ட் கம்பெனியில் இப்போது மெர்ச்சண்டைசராக, அதாவது உடுப்பு வாங்குகிற வெளிநாட்டு பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவளாக இருப்பவள். பேட்டர்ன் அறையில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த, துணி வெட்ட அளவு வைக்கிற பழைய அட்டைகளை எடைக்குப் போடுகிறார்களாம். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. இனி எந்த ஸ்டைலுக்கும் பெயர் கிடையாது, வெறும் நம்பர்தான் என்று பையர்களே சொல்லிவிட்டார்களாம். போட்டோவில் இருந்த பழுப்பு அட்டையில் ‘டாமினோ, ஹூட், இடது’ என்று மார்க்கரில் எழுதியிருந்தது. “சார், இது உங்க கையெழுத்துங்களா? டாமினோன்னா வரிசையா நிறுத்தித் தள்ளி விடுவாங்களே, அந்தக் கட்டைதானுங்க? அதுக்கும் ஹூட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கீழே கேட்டிருந்தாள்.

கையெழுத்து என்னுடையதுதான். சம்பந்தத்தைப் பற்றி இரண்டு வரியில் பதில் போட்டேன். அது பாதிப் பதில். மீதியை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்.

எனக்கு ஊர் மடத்துக்குளம் பக்கம். பிளஸ் டூ முடித்த வருஷம் தோட்டத்துக் கிணறு வற்றியது, திருப்பூருக்கு வந்துவிட்டேன். முதலில் கைமடி. தையல்காரருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுத்து வாங்குகிற வேலை. அப்புறம் செக்கிங். அப்புறம் கட்டிங் டேபிளில் குவாலிட்டி. இதற்குள் பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பதினைந்து வருஷத்தைப் பற்றி உருக்கமாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. வேலை கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கினேன், நிறைய டீ குடித்தேன்.

சாம்பிள், குவாலிட்டி இரண்டுக்கும் தலைமை ரெஜினா மேடம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக்காரர். அவருடைய அப்பா அந்த ஊர் மாதா கோயிலில் ஜெபம் கற்றுக்கொடுக்கிற உபதேசியாராக இருந்தவர். மேடம் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் என்னைத் தம்பி என்பார், ஆனால் நீங்க போட்டுத்தான் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தைத்த துணியில் தப்பு இருந்தால் நம் முன்னால் அதை விரித்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்குச் சும்மா இருப்பார். நாமே தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொன்னதும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். பதற்றத்தில் வேறொரு தப்பைக் காட்டிவிட்டால், “ஓ, அது வேற இருக்கா?” என்று அங்கேயும் ஒன்று ஒட்டிவிட்டு மறுபடி சும்மா இருப்பார். ஒரு டீசர்ட்டில் நான் ஒன்பது அம்பு வாங்கியிருக்கிறேன். அவர் தேடியது அந்த ஒன்பதில் இல்லை.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. வெளிநாட்டு பையர்கள் அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு பெயர் வைத்து அனுப்புவார்கள். பறவைப் பெயர், செடிப் பெயர், ஊர்ப் பெயர், சிலது அவர்கள் வீட்டு நாயின் பெயராகவும் இருக்கலாம். அந்த ஸ்டைலின் வேலையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர், பெயருக்கு என்ன அர்த்தம் என்று தமிழில் அந்த நோட்டில் எழுத வேண்டும். எழுதினால்தான் சாம்பிள் வெட்டும் சீட்டில் மேடம் கையெழுத்துப் போடுவார். “பேரு தெரியாத ஆளுக்குச் சட்ட தைப்பீங்களா தம்பி?” என்று கேட்பார். தைப்போம்தான், திருப்பூரே அப்படித்தான் தைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அவரிடம் அதைச் சொல்ல ஆள் இல்லை. முதலாளிக்கு இது வெட்டி வேலை என்ற எண்ணம் உண்டு. மேடத்தின் சாம்பிள்கள் பெரும்பாலும் முதல் தடவையிலேயே பாஸ் ஆகிவிடும் என்பதால் வாயைத் திறக்க மாட்டார்.

ஒரு முறை ‘ஹெரான்’ என்று ஒரு சாம்பல் நிற டீசர்ட் வந்தது. சாயம் மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது. ஹெரான் என்றால் நாரை என்று நோட்டில் எழுதினேன். மேடம் என்னையும் சாயப் பட்டறையின் டையிங் மாஸ்டரையும் ஒரே வண்டியில் ஏற்றி நஞ்சராயன் குளத்துக்கு அனுப்பினார். இரண்டு பேரும் கரையில் நின்று ஒரு காலை முழுக்கச் சாம்பல் நாரை பார்த்தோம். டையிங் மாஸ்டர், “ஏனுங்க, இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களாங்க?” என்று கேட்டார். நாலாவது தடவை நிறம் பாஸ் ஆனது. நாரையைப் பார்த்ததாலா, பையருக்குச் சலித்துப் போனதாலா என்று எனக்குத் தெரியாது.

இனி டாமினோ. இருபது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆகிறது. செல்போனில் எதையும் தேடுகிற காலம் வரவில்லை. ஐரோப்பாவில் கிறிஸ்தவர்கள் தவக்காலத்துக்கு முன்னால் வேஷம் கட்டிக் கொண்டாடுகிற பண்டிகை ஒன்று உண்டு. அதற்காகக் குழந்தைகளுக்கு ஒரு கறுப்பு ஜாக்கெட். தலையில் பெரிய ஹூட், நெற்றிவரை இறங்கும். ஹூட்டின் உள்ளே வெள்ளைத் துணி. ஸ்டைல் பெயர் டாமினோ. பண்டிகைக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் அந்தச் சரக்கைச் சீண்ட ஆள் கிடையாது என்பதால் ஆரம்பத்திலிருந்தே எல்லோருக்கும் பரபரப்பு.

நோட்டில் ‘புள்ளி வைத்த விளையாட்டுக் கட்டை’ என்று எழுதினேன். கவிப்பிரியாவுக்குத் தெரிந்த அதே அர்த்தம். மேடம் நோட்டைப் படித்துவிட்டு அந்த வரியின் மேலேயே ஓர் அம்பை ஒட்டினார். “விளையாட்டுக் கட்டைக்கு எதுக்குத் தம்பி ஹூட்டு?”

நூலகத்துக்குப் போனேன். தடிமனான அகராதியில் இரண்டு அர்த்தம் போட்டிருந்தது. ஒன்று கட்டை. மற்றது, முகமூடியோடு சேர்த்துப் போட்டுக்கொள்கிற தலைமூடிய அங்கி. இதை வெற்றியோடு கொண்டுவந்து எழுதினேன். இரண்டாவது அம்பு. “ரெண்டும் எப்படி ஒரே பேராச்சு?” என்றார். பிறகு அவரே கொஞ்ச நேரம் பென்சிலைத் தட்டிக்கொண்டு இருந்துவிட்டு, “எனக்கு இந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம்லா தெரியும்” என்றார்.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூசை லத்தீனில் நடக்குமாம். சாமியார் ‘பெனெதிகாமுஸ் தோமினோ’ என்று பாடினால் எல்லோரும் ‘தேயோ கிராசியாஸ்’ என்று பதில் பாட வேண்டும். மீன் பிடிக்கிறவர்களும் கருவாடு காயப் போடுகிறவர்களும் அர்த்தம் தெரியாமலே பாடுவார்களாம். மேடத்துக்கு மட்டும் அப்பா அர்த்தம் சொல்லிக் கொடுத்திருந்தார். ‘ஆண்டவரைப் போற்றுவோம், இறைவனுக்கு நன்றி.’ தோமினோ என்றால் ஆண்டவர், சாமி. எங்கள் கொங்குப் பக்கத்தில் வீட்டுப் பெரியவரையே சாமி என்றுதான் கூப்பிடுவோம், ஆகவே கடவுளின் பெயர் மனிதனுக்கு வருவது எனக்கு அதிசயமாகப் படவில்லை. அது ஒரு குல்லாய்க்கு எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை.

இரண்டு பேருக்கும் தெரியாததால் மெர்ச்சண்டைசர் மூலமாகப் பையரின் டிசைனருக்கே மெயில் போட்டுக் கேட்டோம். அதற்குள் சாம்பிள் பாஸாகி, துணியும் வந்து, கட்டிங் ஆரம்பித்துவிட்டது. அந்த ஒரு தடவைதான் அர்த்தம் முழுசாக எழுதாமல் மேடம் கையெழுத்துப் போட்டார்.

கட்டிங்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். துணியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி விரித்து மொத்தமாக வெட்டுவோம். வெட்டி முடித்ததும் முன்பக்கம் ஓர் அடுக்கு, முதுகு ஓர் அடுக்கு, கை ஓர் அடுக்கு என்று நிற்கும். இந்த ஜாக்கெட்டில் ஹூட் இரண்டு பாதி. இடது பாதி ஓர் அடுக்கு, வலது பாதி ஓர் அடுக்கு. எல்லா அடுக்கிலும் மேலிருந்து கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே வருவார்கள். ஏழாம் நம்பர் முதுகும் ஏழாம் நம்பர் ஹூட்டும் ஒரே விரிப்பில் வெட்டியவை, ஒரே சாயம். தைக்கும்போது ஏழோடு ஏழைத்தான் சேர்க்க வேண்டும். கறுப்பு ஒரே கறுப்புதானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஒரு ரோலில் லேசாகச் சிவப்பு ஓடும், அடுத்த ரோலில் பச்சை ஓடும். அந்தத் தடவை துணி சின்னச் சின்ன ரோலாக வந்திருந்தது. ஏழெட்டு விரிப்புக்கு ஒரு ரோல் மாறியது.

நம்பர் ஒட்டுவதற்கு முன்னால் என் வேலை. ஒவ்வோர் அடுக்கிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று உருவி, பேட்டர்ன் அட்டையின் மேல் வைத்து அளவு சரியா என்று பார்த்து, எடுத்த இடத்திலேயே திருப்பிச் செருக வேண்டும். ஹூட்டின் இடது அடுக்கில் நடுத் துண்டை உருவி அட்டையில் வைத்தபோது மெர்ச்சண்டைசர் ஒரு பிரின்ட்டோடு வந்தார். “தங்கவேல் அண்ணா, உங்க டாமினோ வந்திருச்சுங்க” என்று கையில் திணித்துவிட்டுப் போனார்.

அங்கேயே நின்று படித்தேன். அந்த டிசைனர் பொறுமைசாலி, ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். குளிர்காலத்தில் கோயிலுக்குள் நடுங்காமல் இருக்கப் பாதிரியார்கள் ஹூட் வைத்த கறுப்பு மேலங்கி போட்டிருந்தார்கள். அதற்குத்தான் முதலில் டாமினோ என்று பெயர். அவர்கள் ஓயாமல் ஓதுகிற ஜெபத்திலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிற்பாடு வேஷக் கூத்துக்குப் போகிறவர்கள் அதே மாதிரி அங்கியைப் போட்டுக் கண்ணை மட்டும் ஒரு முகமூடியால் மறைத்துக்கொண்டார்கள். யார் எஜமான், யார் வேலைக்காரன் என்று தெரியாது. பெயர் அங்கியிலிருந்து முகமூடிக்கும் போனது. கறுப்புக் கட்டையில் இரண்டு வெள்ளைப் புள்ளி, முகமூடிக்குள்ளிருந்து இரண்டு கண் பார்ப்பது போல இருப்பதால் விளையாட்டுக்கும் அதே பெயர் வந்தது என்று சிலர் சொல்வார்கள். ஜெயித்தவன் ‘டாமினோ’ என்று கத்துவான், அதனால்தான் என்று வேறு சிலர் சொல்வார்கள். நிச்சயமாக ஒருவருக்கும் தெரியாது என்று கடைசியில் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரி எனக்குப் பிடித்திருந்தது.

படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு அம்பு வாங்கியவன் இல்லையா. மாடிப்படி ஏறி மேடத்தின் மேஜைக்குப் போனேன். இருவரும் சேர்ந்து இன்னொரு தடவை படித்தோம். மேடம் சிரித்தார். அது வருஷத்துக்கு நாலைந்து முறை நடப்பது. “பாத்தீங்களா தம்பி, குளிருக்குப் போட்டத மொகத்த மறைக்கப் போட்டுக்கிட்டாவ” என்றார். நோட்டில் அரைப் பக்கம் எழுதினேன். பிரின்ட்டை என் ஃபைலில் வைத்து மூடினேன். இடது பாதித் துண்டும் அதோடு உள்ளே போனது. எனக்கு அது நினைவே இல்லை.

நம்பர் ஒட்டுகிறவர் பேச்சியம்மா. கோவில்பட்டிப் பக்கம். கணவர் இல்லை. கம்பெனி குவார்ட்டர்ஸில் ஓர் அறையில் மகளோடு இருந்தார். மகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ. எட்டு வருஷமாக நம்பர் ஒட்டுகிறார். உதடு அசையும், சத்தம் வராது. எண்ணிக்கொண்டிருக்கும்போது யார் கூப்பிட்டாலும் ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். முதலாளி கூப்பிட்டபோதும் அந்த விரல் உயர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரக்கு தைத்து, பெட்டி கட்டி, இன்ஸ்பெக்ஷனுக்குச் சென்னையிலிருந்து பையரின் ஆள் ஒருவர் வந்தார். சில பெட்டிகளைத் திறந்து பார்த்தார். ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் வெயிலில் பிடித்தார். ஹூட்டின் உச்சித் தையலுக்கு இந்தப் பக்கம் சிவப்பு ஓடிய கறுப்பு, அந்தப் பக்கம் பச்சை ஓடிய கறுப்பு. அதே மாதிரி இன்னொன்று. அவர் ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு நல்ல ஓட்டல் எது என்று கேட்டார்.

மொத்தப் பெட்டிகளையும் உடைத்து ஒவ்வொரு ஜாக்கெட்டாகப் பார்க்க வேண்டி வந்தது. தையலை நிறுத்தி எல்லோரையும் அதில் போட்டோம். பிடித்து வைத்திருந்த கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்குப் பையரிடம் முதலாளி கெஞ்சிக்கொண்டிருந்தார். நாலு நாள் தேடியதில் அகப்பட்ட கோளாறு ஜாக்கெட்டுகள் மொத்தம் ஏழு.

ஏழும் ஒரே சைஸ், ஒரே அடுக்கு. காரணத்தை மேடம் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அந்த இடது அடுக்கில் ஒரு துண்டு இல்லாமல் போயிருக்கிறது. அதற்குக் கீழே இருந்த எல்லாத் துண்டும் ஒரு நம்பர் மேலே ஏறிவிட்டது. ஒரே ரோலுக்குள் அப்படி ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. ரோல் மாறும் இடத்தில் மட்டும் தெரியும். அப்படி ஆறு. அடியில், கடைசி நம்பரில் ஒன்று; அதன் இடது பாதி அந்த அடுக்கின் துணியே இல்லை.

அடுத்த நாள் காலை முதலாளி அறையில் விசாரணை. முதலாளி தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்தவர், கோபம் ஏற ஏற அவர் பேச்சில் ‘ங்க’ கூடும். அன்றைக்கு நிறையக் கூடியது.

“ஏனுங்கம்மா, எண்ணறதுல ஒண்ணு தப்பிருச்சுங்களா?”

“தப்பலைங்கய்யா” என்றார் பேச்சியம்மா. “எடது அடுக்குல ஒண்ணு கொறஞ்சுச்சு. அன்னைக்கே சூப்பரைசர்கிட்டச் சொன்னேன். அவுக மிச்சத் துணியில ஒண்ணு வெட்டித் தந்து கடைசி நம்பர் போடச் சொன்னாக.”

கட்டிங் சூப்பர்வைசர் சண்முகம் தரையைப் பார்த்துக்கொண்டு, “அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலீங்க” என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “தங்கவேலு, நீங்க அன்னைக்கு டேபிள்ல இருந்தீங்களே. ஏதாச்சும் கொறஞ்சுதுங்களா?”

“எனக்குத் தெரியலீங்க.”

பேச்சியம்மா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். நான் சொன்னது அந்த நிமிஷத்தில் உண்மைதான்.

சீசன் நடுவில் கட்டிங் சூப்பர்வைசரை இழக்க எந்த முதலாளியாலும் முடியாது. நம்பர் ஒட்ட ஆள் கிடைக்கும். “சனிக்கெழமையோட நின்னுக்குங்கம்மா. ரூமையும் அன்னைக்கே காலி பண்ணிக் குடுத்துருங்க” என்றார்.

“புள்ளைக்குப் பரீச்சை வருதுங்கய்யா.”

“நான் என்னங்கம்மா பண்றது.”

அது செவ்வாய்க்கிழமை. மத்தியானம் நடந்ததை ரிப்போர்ட்டாக எழுத ஃபைலைத் திறந்தேன். டிசைனரின் மெயிலுக்கு அடியில் கறுப்பாக மடிந்து கிடந்தது. எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். நம்பர் ஸ்டிக்கர் இல்லை. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் வழக்கம்போல அதை என் முன்னால் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். நானே சொன்னேன். நம்பர் ஒட்டுவதற்கு முன்னால் எடுத்தது, பிரின்ட்டைப் படித்தது, படியேறியது, மூடி வைத்தது. முடித்ததும், “நீங்களே சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றார்.

“நானே சொல்றேனுங்க மேடம்.”

உடனே போனேன். முதலாளி போனில் இருந்தார். அடுத்த கப்பலுக்கு பையர் ஒத்துக்கொண்டுவிட்டார் போல, முகம் மலர்ந்திருந்தது. போனை வைத்துவிட்டு என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். மேடம் அடுத்த வருஷம் ஊரோடு போய்விடப் போவதாகச் சொல்லியிருப்பதாகவும், அதன் பிறகு குவாலிட்டி முழுவதையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். “நீங்க இருக்கற வரைக்கும் எனக்குக் கவலை இல்லீங்க தங்கவேலு.” டீயைக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

“சொல்லிட்டீங்களா தம்பி?” என்று மேடம் கேட்டார்.

“சொல்லிட்டேனுங்க.”

பயம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து நோட்டில் எழுத எனக்கு இஷ்டமில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அப்படியே நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டி வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றது. பேச்சியம்மா ஒரு கட்டிலையும் நாலைந்து குடங்களையும் ஏற்றினார். மகள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். நான் மாடியில் கையில் அளவு டேப்போடு நின்றிருந்தேன்.

திங்கட்கிழமை காலை நம்பர் டேபிளில் புது ஆள் நிற்பதை மேடம் பார்த்தார். நான் உண்மையைச் சொன்ன பிறகும் முதலாளி அந்த அம்மாவை அனுப்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனார். சண்டை போடத்தான் போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

“முதலாளிக்கு ஒண்ணுமே தெரியாதாம் தம்பி.”

அவ்வளவுதான். அவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்பது அம்பு ஒட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எழுந்து போய்ச் சொன்னேன். முதலாளி கேட்டுக்கொண்டே ஒரு ரப்பர் பேண்டை விரலில் சுற்றினார். “இதச் சொல்றதுக்கு ஒரு வாரமுங்களா?” என்றார். பிறகு சண்முகத்தைக் கூப்பிட்டார். அவரும் ஒத்துக்கொண்டார், ஒரு துண்டு புதிதாக வெட்டித் தந்தது உண்மைதான் என்று. “ரெண்டு பேரும் ஆம்பளைங்க, பழி அந்தம்மா மேலயுங்களா” என்று மட்டும் முதலாளி சொன்னார். எனக்கு வேலை போகவில்லை. அடுத்த வருஷம் குவாலிட்டியும் சொன்னபடியே என்னிடம் வந்தது. நான் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. அன்றைக்கே டீ ஆறுவதற்குள் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், பேச்சியம்மா குடத்தை ஏற்றியிருக்க வேண்டியதில்லை.

பொறுப்புக்கு வந்ததும் நான் போட்ட முதல் விதி, அடுக்கிலிருந்து எதை உருவினாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அட்டையைச் செருக வேண்டும் என்பது. இப்போதும் அது நடக்கிறது. ஏதோ வெளிநாட்டு ஆடிட்டில் சொன்ன விதி என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

நான் உண்மையைச் சொன்ன அந்தத் திங்கட்கிழமையே, பேச்சியம்மாவைக் கூட்டி வரும்படி முதலாளி என்னையே அனுப்பினார். அவர் அவிநாசிபாளையத்தில் தங்கை வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அன்றைக்கே மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ரோட்டை ஒட்டி ஓட்டு வீடு. வாசலில் குட்டி பனியன்களைக் குவித்து வைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்து கத்தரியை எடுத்தார்.

“முதலாளி உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாருங்க. ரூமையும் அப்படியே தர்றேன்னாரு.”

“இல்ல சார். இங்கனயே பக்கத்துக் கம்பெனியில சேந்துட்டேன், பிசிறுக்கு. எண்ணுற வேலை இனிமே வேண்டாம்.”

“பாப்பா பரீச்சை?”

“காலையில ஆறு மணி பஸ்ஸுக்குப் போறா. ரெண்டு பஸ் மாறணும். போயிருவா.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

“அந்த எடதுப் பாதி எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு. என் ஃபைலுக்குள்ள.”

“தெரியும் சார்.”

“யாருங்க சொன்னாங்க?”

“யாரு சொல்லணும். கையில ஒரு பேப்பரப் படிச்சுக்கிட்டே அதையும் புடிச்சுக்கிட்டுப் படியேறுனீகள்ல. நான் இந்தப் பக்கம் ஸ்டிக்கர் எடுத்துக்கிட்டு இருந்தேன். திரும்பி வந்து வப்பீகன்னு பாத்தேன். அப்புறம் எண்ணுறதுல மறந்துட்டேன். கடைசியில கொறஞ்சப்பத்தான் நெனப்பு வந்துச்சு.”

“அப்புறம் ஏங்க அன்னைக்கு முதலாளிகிட்ட நீங்க சொல்லல?”

அவர் ஒரு பனியனைத் திருப்பிப் போட்டு, கழுத்தோரம் தொங்கிய நூலை வெட்டினார்.

“உங்களத்தான சார் கேட்டாக. நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்.”